கல்லும் கயிறும் காற்றுக்கலமும்: மன்னார்க் கடற் குளியாளர் கருவி வரலாறு

1. முன்னுரை

கொற்கை முத்தினைப் பற்றித் தமிழறிஞர் எழுதியன பல. அம்முத்தின் ஒளியும் விலையும், அது சென்று சேர்ந்த நாடுகளும், அதனால் பாண்டியர் எய்திய செல்வமும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், அம்முத்தினைக் கடலடியினின்றும் எடுத்து வந்தவன் எக்கருவிகளைக் கொண்டு மூழ்கினான், அவற்றை ஏன் தேர்ந்தான், அவை அவனை எவ்வாறு காத்தன என்னும் வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. பொருளை ஆராய்ந்தோம், பொருளைக் கொணர்ந்தவன் கையிலிருந்ததை ஆராய்ந்திலோம்.

இக்குறை பழமையாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. மன்னார் வளைகுடாவிற் சங்கு குளிப்போர் இன்றும் உளர். அவருட் சிலர் பழைய முறையை விடுத்து, காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய்வழி மூச்சு வாங்கி மூழ்குகின்றனர். பழைய கருவியினின்று புதிய கருவிக்கு மாறுங்கால் எதனை மறத்தல் வேண்டும், எதனைப் புதிதாக அறிதல் வேண்டும் என்பது உயிரைப் பற்றிய வினா. ஆதலின் அக்கருவிகளின் வரலாற்றை ஈண்டு ஒருசேர வைத்து நோக்குவோம்.

2. இலக்கியமும் பயணியர் குறிப்பும்

அகநானூற்றின் 350ஆம் பாட்டு, எறிசுறாவை விலக்கி வலம்புரிக்கு மூழ்கிய பரதவர், சங்கொலி முழங்கக் கொற்கைக்கு மீளும் காட்சியைக் காட்டுகின்றது. மூழ்குதலின் இடர் இன்னதென்பது புலவர்க்கு நன்கு தெரிந்திருக்கின்றது. ஆனால் கல்லையோ கயிற்றையோ அவர் சுட்டினாரல்லர். அகப்பாட்டிற்கு அது வேண்டுவதன்று. எனவே, பாட்டிற் கூறப்படாமையைக் கொண்டு கருவி இல்லை என்று முடிவு செய்தல் பொருந்தாது.

கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘எரித்திரையக் கடற் பெரிப்ளசு’ என்னும் கிரேக்க நூல், கொற்கையில் முத்தெடுக்கும் தொழில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டது என்று கூறுகின்றது. சங்கப் பாட்டோ மூழ்கியவரைப் பரதவர் என்றே குறிக்கின்றது. இவ்விரண்டும் முரண்படுவனபோலத் தோன்றினும், ஒன்று முத்தையும் மற்றொன்று வலம்புரியையும் பற்றியது என்பதை மறத்தலாகாது. அன்றியும், மூழ்குதல் கற்றுத் தேர்ந்தாரன்றிப் பிறர்க்கு எளிதில் வாராத தொழில். குற்றவாளிகளை அதிற் புகுத்தியிருப்பினும், கற்றுக்கொடுத்தோர் கடற்றொழில் மரபினராகவே இருந்திருத்தல் வேண்டும் என்று கருதுகின்றோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் போந்த மார்க்கோ போலோ, குளியாளர் நான்கு முதல் பன்னிரண்டு பாகம் வரை மூழ்கியதையும், இடையிற் கட்டிய வலைப்பையிற் சிப்பிகளை இட்டு மேலே வந்ததையும் எழுதியுள்ளார். கொடிய மீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்பதும் அவர் கூற்று. பிற்காலத்துக் ‘கடல்கட்டி’ என்று வழங்கப்பட்டோர் இவர்தம் வழியினரே. இப்பங்கினை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், அஞ்சியவன் மூச்சு விரைவிற் செலவாகும் என்பது இன்றைய மூழ்குநர் அனைவரும் அறிந்த உண்மை. அச்சத்தை நீக்கிய எதுவும் அவ்வளவிற் கருவியேயாம்.

3. பழைய கருவித் தொகுதி

ஆங்கிலேயர் காலத்தில் எட்கர் தர்ஸ்டன் 1890-இல் வெளியிட்ட குறிப்புகளும், ஜேம்சு ஹார்னெல் சங்கு பற்றி 1914-லும், முத்துக்குளிப்புப் பற்றி 1922-லும் வெளியிட்ட நூல்களும் இத்தொழிலை நேரிற் கண்டு எழுதப்பட்டன. தூத்துக்குடி 1658-இற் போர்ச்சுகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. சலாபத்தின் வருவாய் கை மாறியதேயன்றிக் குளியாளன் கருவி மாறிற்றில்லை.

அக்கருவிகள் நான்கு: கல், கல்லைத் தாங்கும் கயிறு, சிப்பி இடும் வலைப்பை, அப்பையைத் தாங்கும் மற்றொரு கயிறு. குளியாளன் கல்லின்மேற் காலை ஊன்றி, மூச்சை நிரப்பி, விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்புறம் கீழாக இறங்குவான். அடியைத் தொட்டவுடன் கல்லை விடுவான். மேலே இருப்போர் அதனை இழுத்துக்கொள்வர். ஒரு நிமிடத்தை ஒட்டிய பொழுதிற் பையை நிரப்பிக் கயிற்றை அசைப்பான். பை மேலே செல்லும். அவனும் மேலே வருவான். ஒரு கல்லுக்கு இருவர் என அமைந்து, ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாறுவர்.

இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு காரணம் பற்றியே தேர்ந்தெடுக்கப்பட்டது. நிறைந்த மூச்சோடு கூடிய உடல் நீரில் மிதக்கும். அதனை உந்தி அமிழ்த்த வேண்டுமாயிற் கைகாலை அசைத்தல் வேண்டும். அசைத்தால் மூச்சுச் செலவாகும். கல் அவ்வுழைப்பைத் தானே ஏற்கின்றது. அடியில் அதனை விட்டுவிடுதலால் மேலேறுகையிற் சுமையும் இல்லை. மூக்கைப் பொத்துதல் நீர் புகாமற் காப்பதற்கு மட்டும் அன்று. பொத்திய மூக்கின்வழிக் காற்றை மெல்ல உந்தினால் அது செவியின் உட்புறம் சென்று, வெளிநீரின் அழுத்தத்தைச் சமன் செய்கின்றது. அது செய்யாவிடிற் செவிப்பறை கிழியும்.

இலங்கைச் சலாபங்களுக்கு வந்த அராபியக் குளியாளர் மூக்கிற்குக் கொம்பினால் ஆன கவ்வியைப் பயன்படுத்தினர். பதினான்காம் நூற்றாண்டில் இபின் பதூதா பாரசீக வளைகுடாக் குளியாளரிடமும் அத்தகைய கவ்வியைக் குறித்துள்ளார். கவ்வி இரு கையையும் சிப்பி பொறுக்க விடுகின்றது. விரலோ அழுத்தம் கூடுந்தோறும் வேண்டுமளவிற்கு இறுக்கவும் தளர்த்தவும் உதவுகின்றது. எதனை உயர்ந்தது என்பது அவரவர் பழக்கத்தைப் பொறுத்தது.

இங்கு ஒரு செய்தியை வலியுறுத்த விரும்புகின்றோம். இத்தொகுதியின் பாதி நீருக்கு மேலே இருந்தது. கயிறு பிடிப்பவனும் கருவியின் ஒரு பகுதியே. மூழ்குபவனுடைய மனைவியின் உடன்பிறந்தானே கயிறு பிடித்தல் வேண்டும் என்னும் வழக்குத் தமிழகக் கடற்கரையிற் செவிவழியாகப் பேசப்படுகின்றது. இதனை எல்லாக் காலத்திற்கும் உரிய விதியாகக் கொள்ளுதற்கு இடமில்லை. எனினும் அதன் கருத்து ஆழமானது: உடன்பிறந்தவள் தாலிக்குப் பொறுப்பாளன் எவனோ அவனே கயிற்றுக்கும் பொறுப்பாளன். கருவியின் தரத்தை உறவு உறுதி செய்தது.

4. காற்றைக் கீழே கொண்டு செல்லுதல்

மூச்சை அடக்கி மூழ்குவோனுக்குக் காலமே எல்லை. அவ்வெல்லையைக் கடக்க ஐரோப்பியர் இரு வழிகளை நாடினர். ஒன்று, மேலிருந்து குழாய்வழிக் காற்றைச் செலுத்துதல். அகஸ்டசு சீபே 1830-களில் உருவாக்கிய செம்புத் தலைக்கவச உடை இவ்வகையது. மற்றொன்று, காற்றை மூழ்குபவன் தானே சுமந்து செல்லுதல். 1860-களிற் பிரெஞ்சுக்காரரான ரூக்கைரோலும் தெனைருசும் இதற்கு அடிகோலினர். 1943-இல் கூஸ்தோவும் காஞானும் அமைத்த ‘அக்வாலங்’ அதனை நிறைவு செய்தது. இதுவே இன்று ஸ்கூபா எனப்படுகின்றது.

இதன் உயிர்நிலை காற்றுக்கலம் என்று பலர் எண்ணுவர். உண்மையில் ரெகுலேட்டர் எனப்படும் அடைப்பிதழே உயிர்நிலை. நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. இருபது மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப்போல் மும்மடங்கு. அங்கு மேற்பரப்பின் காற்றை வெறுங்குழாயால் உறிஞ்சுதல் இயலாது, மார்பு விரியாது. ரெகுலேட்டரோ, மூழ்கியவன் உள்ள ஆழத்தின் அழுத்தத்திற்கு ஒத்த காற்றை, அவன் உள்ளிழுக்கும் பொழுது மட்டும் தருகின்றது.

ஆழம் கூடுந்தோறும் காற்றும் விரைவிற் செலவாகும். பன்னிரண்டு லிட்டர் கலத்தில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, மேற்பரப்பு அளவில் 2400 லிட்டர். மேலே நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவன் இருபது மீட்டரில் 60 லிட்டர் செலவிடுவான். மீளுதற்கென 50 பார் ஒதுக்கினால் எஞ்சுவது முப்பது நிமிடம். கணக்கை அறியாது கலத்தின் பருமனை மட்டும் பார்த்துத் தேர்பவன் கருவியைத் தேர்ந்தவன் ஆகான்.

பழைய கருவிகளையும் புதியவற்றையும் இணைத்து நோக்கின் ஓர் ஒற்றுமை புலனாகும். கல்லின் இடத்தில் ஈயக்கச்சை. மேலிழுக்கும் கயிற்றின் இடத்திற் காற்றூதும் மிதவைச் சட்டை. மூக்கைப் பொத்தும் விரலின் இடத்தில் மூக்கையும் உள்ளடக்கிய முகக்கண்ணாடி. கண்ணை மட்டும் மூடும் நீச்சற்கண்ணாடி ஆழத்திற்கு ஆகாது. அதனுள் அழுத்தத்தைச் சமன் செய்ய வழியின்மையின் அது கண்ணை உறிஞ்சி ஊறு செய்யும். மூக்கு உள்ளே இருப்பின் அதன்வழிக் காற்றை விட்டுச் சமன் செய்யலாம். விரல் செய்த வேலையை வேறு உருவில் முகக்கண்ணாடி செய்கின்றது.

5. அறிவும் அதன் தலைகீழாக்கமும்

ஒற்றுமை இவ்வளவாக, வேற்றுமை ஒன்று மிகப் பெரிது. மூச்சை அடக்குதல் முத்துக்குளிப்போனுக்கு முதற் கலை. ஸ்கூபா மூழ்குநனுக்கு அதுவே முதல் விலக்கு. ஆழத்தில் அழுத்தமிக்க காற்றை நிரப்பிக்கொண்டு மூச்சை அடக்கி மேலே வந்தால், அக்காற்று விரியும். பத்து மீட்டரினின்று மேற்பரப்பிற்கு வருகையில் இரு மடங்காகும். நுரையீரல் கிழியும். மேலிருந்து மூச்சை எடுத்துச் சென்றவனுக்கோ அத்தீங்கு இல்லை. அவன் நுரையீரல் இறங்குகையிற் சுருங்கி, ஏறுகையிற் பழைய அளவையே எய்தும்.

மற்றொன்று நைட்ரசனைப் பற்றியது. அழுத்தத்தில் நெடுநேரம் மூச்சு வாங்கியவன் உடலில் அது கரைந்து நிற்கும். விரைந்து மேலேறின் குமிழாகி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். பால் பெர்ட் 1878-இல் இதன் காரணத்தைக் காட்டினார். ஹால்டேன் 1908-இற் படிப்படியாக மேலேறும் கால அட்டவணையை வகுத்தார்.

இவ்விரண்டும் ஒருங்கே வந்து சேருமிடம் காற்றழுத்தப் பொறி கொண்டு சங்கு குளித்தல். தோணியிலுள்ள பொறியிலிருந்து குழாய்வழிக் காற்று இடையறாது வருதலின் கலம் தீரும் எல்லையும் இல்லை. எனவே நேரத்தை எண்ணத் தூண்டுவதும் இல்லை. பொறியின் புகை காற்றோடு கலந்து உட்செல்லவும் கூடும். பரம்பரைத் தேர்ச்சி உடையவன் தன் தேர்ச்சியாலேயே இடர்ப்படும் நிலை இங்கு நேர்கின்றது. தந்தை கற்பித்த மூச்சடக்கம் மகனுக்குப் பகையாகின்றது. குற்றம் அவனுடையதன்று, கருவி அவனிடம் வந்தது, அதன் விளக்கம் அவன் மொழியில் வரவில்லை.

6. புதிய கருவி தந்தனவும் தாராதனவும்

புதிய கருவியால் தமிழர் வரலாறு பெற்ற பயனையும் கூறுதல் வேண்டும். 1624-இற் போர்ச்சுகீசியர் இடித்துத் தள்ளிய திருக்கோணேச்சரத்தின் தூண்களையும் கற்களையும், 1956-இல் மைக் வில்சன் திருகோணமலைக் கடலடியிற் கண்டார். அவர்தம் நண்பரும் எழுத்தாளருமான ஆர்தர் கிளார்க் அச்செய்தியை உலகறியச் செய்தார். பூம்புகார்க் கடலில் எஸ். ஆர். ராவ் தலைமையில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1991-இல் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவான அமைப்பொன்றைக் கண்டனர். அதன் காலம் பற்றிய கருத்து வேறுபாடு ஒருபுறம் இருக்க, ஒரு மூச்சில் மூழ்குபவன் அதனை அளந்து வரைதல் அரிது என்பது தெளிவு. தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் 1960-களில் மூழ்கி ஆராய்ந்து, முத்துப்பார்களின் இயல்பை விளக்கினர்.

ஆயினும் கருவி எல்லாவற்றையும் தருவதன்று. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே இறுதியானவை. அதன் பின்னர்ச் சிறந்த கருவிகள் வந்தும் சலாபம் மீளவில்லை. பார்களிற் சிப்பி விளையாமையே காரணம். கருவிக் குறைவால் இத்தொழில் நின்றது என்பார் கூற்று இதனால் மறுக்கப்படுகின்றது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன: பழைய கருவித் தொகுதி காரணமறிந்து அமைக்கப்பட்டது, அதன் காவல் கயிறு பிடித்த உறவினன் கையில் இருந்தது. புதிய தொகுதி அக்காவலை மூழ்குபவன் ஒருவன் தோளிலேயே ஏற்றிவிட்டது. ஆகவே அவன் அறிவே அவனுக்கு மேலிருந்து கயிறு பிடிக்கும் கை.

அவ்வறிவைத் தமிழில் தருதல் அறிவியலார்க்கு மட்டும் உரிய கடமையன்று. பார், பாகம், சலாபம், குளி முதலிய சொற்கள் கடற்கரையில் வழங்கிவந்தவை. அவற்றின் வழியிலேயே அழுத்தம், சமன் செய்தல், படியேற்றம் முதலியவற்றை விளக்கும் சிறு கையேடு ஒன்று அமைத்தல் அரிதன்று. குளியாளர் சொற்களைத் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்வாராயின், அகராதிக்கு அது ஆக்கமாம். சங்கு குளிக்கச் செல்லும் இளைஞனுக்கு அது காப்புமாம். முத்தின் புகழை ஈராயிரம் ஆண்டு பாடிய மொழி, அதனை எடுத்தவனுக்குப் பட்ட கடன் இது.