சுருளில் உறங்கும் செல்வம்

நிலத்தடியில் பொன் இருப்பதனால் மட்டும் அது கைக்கு வந்துவிடுவதில்லை என்பதைத் தங்கவயல் மக்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. படச்சுருளின் செய்தியும் அத்தகையதே.

முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931 இல் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பின்வந்த அசிடேட் சுருளோ காடி நாற்றம் வீசிச் சுருங்கி அழியும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 இல்தான் தோன்றிற்று. அதற்குள் மறைந்தன பல.

சுருளை வீடியோவாக மாற்றிய டெலிசினிப் பொறி, நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தை நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு இசைய 25 ஆக ஓட்டிற்று; 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்தது. இன்றைய ஸ்கேனரோ ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியே பதிவு செய்கின்றது. 1964 இல் வந்த 'கர்ணன்' கணிப்பொறி வழியே புதுப்பிக்கப்பெற்று, 2012 இல் மீண்டும் திரையேறியது.

2001 இல் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கு உழைத்த முன்னோரின் முகங்காட்டும் சுருள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்தல் ஆகாது. சுருங்கிய சுருளின் துளைகள் கிழியும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து, தக்கோரைக் கொண்டு ஸ்கேன் செய்வித்து, மூலச் சுருளையும் போற்றிக் காப்போமாக!