மலை மறைத்த மழையும் கண்மாய் காக்கும் நீரும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். புதுக்கோட்டைச் சீமையில் அந்தக் காற்று மழையைவிடப் புழுதியையே அதிகம் கொணர்கிறது. அதே நாள்களில் கேரளத்திலும் வால்பாறையிலும் அடைமழை பெய்கிறது. காற்று ஒன்றுதான், இடையே நிற்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை.

அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குக் காற்று மலையில் மோதி மேலெழுகிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. ஈரம் செறியும்வரை ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். ஆனைமுடியின் உயரமோ 2,695 மீட்டர். குளிர்ந்த ஈரம் மேகமாகி மேற்குச் சரிவிலேயே பெருமளவு பொழிந்துவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்று அழுந்தி, வெப்பமுற்று, வறண்டு வருகிறது. இதனால்தான் நம் பகுதி மழை மறைவுப் பிரதேசமாகிறது.

எனினும் இப்பருவத்தில் மழை அறவே இல்லை என்பதில்லை. பிற்பகலில் உள்ளே நுழையும் கடற்காற்று மேற்குக் காற்றை எதிர்கொள்ளும்போது மாலையில் இடிமழை உருவாகிறது. ஓர் ஊரில் கொட்டும். அடுத்த ஊர் காய்ந்து கிடக்கும்.

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்குக் காற்று வங்கக் கடலின் ஈரத்துடன் வருகிறது. ஆனால், அதைத் தடுத்து மேலெழச் செய்யும் உயர்ந்த மலை இங்கில்லை. ஆகவே, காற்றழுத்தத் தாழ்வுகளையும் புயல்களையும் நம்பியே இம்மழை அமைகிறது. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலோ இம்மாவட்டத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது.

பொருளியலில் நிச்சயமின்மைக்கு மாற்று, சேமிப்பு. வற்றாத ஆறில்லாத இம்மண்ணில் முன்னோர் ஆயிரக்கணக்கான கண்மாய்களை வெட்டியதன் காரணமும் அதுவே. சில வாரங்களில் பெய்வதை ஆண்டு முழுமைக்கும் தேக்கும் ஏற்பாடு அது. இன்று வரத்துவாரிகள் பல இடங்களில் ஆக்கிரமிக்கப்பட்டும் சீமைக் கருவேல மரங்களால் தூர்ந்தும் கிடக்கின்றன. தைலமரக் காடுகளில் எழுப்பப்பட்ட வரப்புகள் நீரோட்டத்தை மறிப்பதாக விவசாயிகள் நெடுநாளாக முறையிட்டு வருகின்றனர்.

வரத்துவாரி அடைபட்டால், நல்ல மழைபெய்த ஆண்டிலும் கண்மாய் நிரம்பாது. ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டங்களில் ஒவ்வோர் ஊரும் தன் வரத்துவாரியின் நிலையை முதற்பொருளாக எடுத்துப் பேச வேண்டும். அப்போதுதான் வடகிழக்குக் காற்று வந்து சேரும் முன் அதைச் சீரமைக்கக் காலம் இருக்கும்.