கியர் போடும் கை

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். எந்த வருஷத்தில் எந்த வண்டி எத்தனை மைல் ஓடிற்று, எந்தப் பந்தயத்தில் யார் ஜயித்தார் என்பதெல்லாம் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. ஓட்டுகிறவனுடைய கையும் காலும் பட்ட பாட்டைப் பற்றி அவ்வளவு விஸ்தாரமாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எனக்கு என்னவோ அந்தக் கதைதான் அதிக ருசியாகத் தோன்றுகிறது.

2024-ம் வருஷம் மே மாதத்தில் ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியார், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இழுக்கும் முதல் '911' காரைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். கரேரா ஜி.டி.எஸ். என்று பெயர். அதற்கு முந்தைய ஜி.டி.எஸ். காரை, விரும்பியவர்கள் கையால் கியர் மாற்றும் ஏழு கியர்ப் பெட்டியோடு வாங்கலாம். புதியதில் அந்தச் சலுகை இல்லை. எட்டு கியரும் தானே மாறிக்கொள்ளும். நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் இது பழைய வண்டியைவிட 8.7 விநாடி சீக்கிரமாகச் சுற்றி வந்தது. இருந்தும் என்ன? மின்சாரம் வந்தது, கியர் ராடு போயிற்று என்று ரசிகர்கள் அங்கலாய்த்தார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தக் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த மனிதர் 124 வருஷங்களுக்கு முன்பே இதே காரியத்தைச் செய்திருக்கிறார். அதைச் சொல்வதற்கு முன்னால் கியர் என்பது எதற்காக என்று சொல்லிவிட வேண்டும்.

பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குணம்: நின்ற இடத்திலிருந்து பாரம் இழுக்க அதற்குச் சக்தி கிடையாது. முதலில் தான் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். அப்புறந்தான் பிறர் காரியத்தைக் கவனிக்கும். (இந்தச் சுபாவம் உள்ள மனிதர்களையும் பார்த்திருக்கிறோம்.) ஆகவே அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிறிதும் பெரிதுமாகப் பல் சக்கரங்களை வைத்துச் சமரசம் செய்ய வேண்டியிருக்கிறது. மின்சார மோட்டாருக்கு இந்தச் சமரசம் தேவையில்லை. நிற்கும்போதே அதன் முழு இழுப்பும் தயாராக இருக்கிறது.

சறுக்கி மாறும் பல் சக்கரங்களை மோட்டார் வண்டியில் நிலைநாட்டியவர் பாரிஸில் பானார் என்பவரோடு கூட்டாகத் தொழில் நடத்திய எமில் லெவஸார். 1891-ம் வருஷத்தை ஒட்டிய காலம் அது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பல் சக்கரங்களைப் பலவந்தமாக ஒன்றுக்குள் ஒன்று மாட்ட வேண்டும். அப்போது எழும் சப்தம் தெருக்கோடிவரை கேட்கும். சப்தமில்லாமல் இறக்க வேண்டுமானால் கிளச்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, என்ஜினை ஓர் உறுமு உறும வைத்து, மறுபடி கிளச்சை மிதித்து, அடுத்த பல்லில் போட வேண்டும். நம் ஊர்ப் பழைய லாரி டிரைவர்கள் 'டபுள் கிளச்' என்று சொல்வார்களே, அதுதான். லெவஸார் இந்த மாதிரி யந்திரத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு 1895-ல் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பினார். 48 மணி 48 நிமிஷம். வண்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் ஏறக்குறைய இரண்டு நாள் அவர் ஒருவரே ஓட்டினார். அந்தக் கையை நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது வியன்னாவுக்குப் போவோம். பெர்டினாண்டு போர்ஷே 1875-ல் பொஹீமியாவில் ஒரு தகரக் கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பதினெட்டு வயதில் வியன்னாவுக்கு வந்து மின்சார யந்திரக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பிறகு லோனர் என்பவரிடம் வேலைக்கு வந்தார். லோனர் அரண்மனைக்குச் சாரட்டு வண்டி செய்து கொடுக்கும் குடும்பத்தவர். போர்ஷே செய்த வண்டியில் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மின்சார மோட்டார் இருந்தது. சங்கிலி இல்லை, பல் சக்கரம் இல்லை, கிளச் இல்லை. 1900-ம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். ஆனால் பாட்டரி மட்டும் 410 கிலோ. அந்தக் கனத்தையும் சுமந்துகொண்டு வண்டி போகக்கூடிய தூரமோ சுமார் 50 கிலோமீட்டர்.

இளைஞர் சளைக்கவில்லை. அதே வருஷம் இன்னொரு வண்டியைக் கட்டினார். பாட்டரியைக் குறைத்து, நடுவில் இரண்டு சிறு பெட்ரோல் என்ஜின்களை வைத்தார். அவை சக்கரத்தைத் தொடுவதே இல்லை. டைனமோவைச் சுற்றி மின்சாரம் உண்டாக்குவதோடு அவற்றின் வேலை முடிந்தது. 'செம்பர் வீவஸ்' என்று லத்தீன் பெயர் வைத்தார். 'என்றும் உயிருள்ளது' என்று பொருள். இரட்டைச் சக்தியில் ஓடும் கார்களின் மூதாதை இது. பாட்டரியின் கனத்தைக் குறைத்து வண்டியை அதிக தூரம் ஓட வைப்பதே அதன் நோக்கம்; கியர்ப் பெட்டி அதற்குத் தேவைப்படவே இல்லை. மின்சாரத்தோடு சேர்ந்த நாளிலேயே கியர் ராடு வெளியேறிவிட்டது என்று இதனால்தான் சொல்கிறேன்.

இதன் வழியில் வந்த 'மிக்ஸ்டே' வண்டி விலைக்கும் விற்றது. 1902-ல் வியன்னாவுக்கு அருகே எக்ஸல்பர்க் மலையேற்றப் பந்தயத்தில் போர்ஷேயே அதை ஓட்டித் தம் பிரிவில் வெற்றி பெற்றார். ஆயினும் உலகம் அதை ஏற்கவில்லை. கனம் அதிகம், சிக்கல் அதிகம், விலையும் அதிகம். உறுமும் பல் சக்கரம் மலிவாக இருந்தது. கடைசியில் மலிவுதான் ஜயித்தது.

அப்புறம் அந்த உறுமலை அடக்கும் முயற்சி. அமெரிக்காவில் ஏர்ல் தாம்ஸன் என்ற என்ஜினீயர், பற்கள் மாட்டிக்கொள்வதற்கு முன்னால் இரண்டு கூம்புகள் உரசி வேகத்தைச் சமமாக்கிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு செய்தார். 1928-ல் காடிலாக் காரில் அது வந்தது. கியர் போடுவது சாமானியருக்கும் கைவந்த கலையாயிற்று. இதே தாம்ஸன்தான் பிறகு கிளச்சும் கியர் மாற்றும் வேலையும் இல்லாத 'ஹைட்ராமாட்டிக்' பெட்டியை உருவாக்கிய குழுவுக்கும் தலைவர். 1940-ம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீலில் அது ஓடிற்று. கையின் வேலையை எளிதாக்கியவரே கையை வேலையிலிருந்து நீக்கவும் வழி கண்டுவிட்டார்!

போர்ஷே குடும்பம் என்ன செய்தது தெரியுமா? பெர்டினாண்டு 1951 ஜனவரியில் காலமானார். அடுத்த வருஷம் மகன் பெர்ரியின் கம்பெனி தன் '356' காரில் சொந்தமான வளைய ஏற்பாடு ஒன்றை வைத்துக் கியர் மாற்றத்தை வெண்ணெய் போலாக்கியது. அந்த உரிமைக்குப் பிற கம்பெனிகள் பணம் கொடுத்தன. தகப்பனார் எது இல்லாமலே வண்டி ஓட்டிக் காட்டினாரோ அதை மெருகேற்றிப் பிள்ளை சம்பாதித்தார்.

பந்தயத்தில் கையின் ஆட்சி முடியத் தொடங்கியது 1989 மார்ச்சில். பிரேஸிலில் நைஜல் மான்ஸெல் ஓட்டிய பெராரியில் கியர் ராடே இல்லை. ஸ்டியரிங்கின் பின்னால் இரண்டு துடுப்புகள்தாம். பாதி வழியில் நின்றுவிடும் என்று பலரும் நினைத்திருந்த வண்டி முதலாவதாக வந்தது. அந்தத் துடுப்பு மெல்ல மெல்லக் கடைக்கு வரும் கார்களிலும் ஏறியது. 2013-ல் போர்ஷேயின் ஜி.டி.3 காரில் கைக் கியர் கிடையாது என்றார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2016-ல் கைக் கியர் மட்டுமே உள்ள '911 ஆர்' வெளிவந்தது. மொத்தம் 991 வண்டிகள். அவை வாங்கிய விலைக்கு இரண்டு மடங்குக்கு மேலும் கைமாறின. மறு வருஷம் ஜி.டி.3 காருக்கும் கைக் கியர் திரும்பி வந்தது.

அப்படியானால் மின்சாரமும் கைக் கியரும் சேரவே சேராதா? சேர்த்தும் காட்டியிருக்கிறார்கள். ஹோண்டாவின் 1999-ம் வருஷத்து இன்ஸைட்டில் ஐந்து கியர், 2010-ல் வந்த சி.ஆர்.-ஸெட்டில் ஆறு கியர், இரண்டும் கையால் போடுவது. மனமிருந்தால் மார்க்கமுண்டு. ஆனால் யந்திரத்தின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, பிரேக் பிடிக்கும்போது எவ்வளவு மின்சாரத்தைத் திரும்பச் சேமிப்பது என்று கம்ப்யூட்டர் கணத்துக்குக் கணம் கணக்குப் போடுகிறது. கிளச் என்ற கதவு மனிதன் காலடியில் இருந்தால் அவன் இஷ்டப்பட்ட நேரத்தில் அதைத் திறந்து கணக்கைக் குலைத்துவிடுவான். புதிய ஜி.டி.எஸ்.ஸிலோ மின்சார மோட்டார் கியர்ப் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கிறது. சரிதான். மனிதனுடைய தவறுக்கு இடமில்லாமல் செய்துவிட்டார்கள். டபுள் கிளச்சை ஒழுங்காகப் போட்டுப் பழகியவனுடைய கைக்கும் அதோடு இடமில்லை. இந்த இரண்டாவது நஷ்டத்தை விநாடிக் கணக்கில் எழுத முடியாது என்பதால் யாரும் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

2024-ம் வருஷக் கடைசியில் போர்ஷே, மின்சாரக் கலப்பில்லாத கரேரா டி காரை ஆறு கியரோடு, கையால் மட்டுமே மாற்றும்படி வெளியிட்டது. கியர் ராடின் குமிழ் வால்நட் மரத்தில்.

ஜப்பானில் 2025 செப்டம்பரில் ஹோண்டாவின் பிரிலூட் மறுபடி விற்பனைக்கு வந்தது. இப்போது அது இரட்டைச் சக்தி வண்டி. பழைய மாதிரியான கியர்ப் பெட்டியே அதில் இல்லை. இருந்தாலும் ஒரு பொத்தானை அமுக்கினால் எட்டு கியர்கள் ஒவ்வொன்றாக மாறுவதுபோல் வண்டி குலுங்கிக் கொடுக்கிறது. ஸ்டியரிங்கின் பின்னால் துடுப்புகளும் உண்டு. என்ஜினின் உறுமலை ஒலிபெருக்கி பார்த்துக்கொள்கிறது.