ஃபுஜியான் மாகாணம்

சீனாவின் தென்கிழக்குக் கரையில், தைவான் நீரிணையை ஒட்டி அமைந்த மாகாணம் ஃபுஜியான். வடக்கே செஜியாங், மேற்கே ஜியாங்சி, தென்மேற்கே குவாங்டோங். பரப்பு சுமார் 1,24,000 சதுர கி.மீ.; 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 4.15 கோடி. தலைநகர் ஃபுஜோ. ஃபுஜோ, ஜியான்ஜோ என்ற இரண்டு ஊர்ப்பெயர்களின் முற்பகுதிகள் சேர்ந்து மாகாணத்தின் பெயராயின. ‘மின்’ என்பது அதன் பழைய சுருக்கப் பெயர்.

பத்தில் எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வயல் என்று அங்குள்ளவர்கள் தங்கள் மண்ணுக்குக் கணக்குச் சொல்வார்கள். மாகாணத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்கிக் கிடக்கிறது. மேற்கு எல்லையில் வூயி மலைத்தொடர் 2,100 மீட்டருக்கு மேல் உயர்ந்து உள்நாட்டுக்குப் போகும் வழியை மறிக்கிறது. மலைகள் குறுக்கே நிற்பதால் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பேச்சு மாறும்; ஃபுஜோக்காரர் தம் ஊர்ப்பேச்சில் பேசினால் தெற்கே உள்ள சியாமென் ஊர்க்காரருக்குப் புரியாது. வயல் போதாத மக்களுக்குக் கடலே பிழைப்பு ஆயிற்று. விரிகுடாக்களும் தீவுகளுமாக வளைந்து நெளிந்த கரை, இயற்கைத் துறைமுகங்களுக்குக் குறைவில்லாதது. வயிற்றுப்பாட்டுக்கான விடைகூடக் கடல்வழியே வந்ததுண்டு: 1593இல் சென் ஜென்லொங் என்ற வணிகர் பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலிருந்து கொண்டுவந்த சர்க்கரைவள்ளிக் கொடி, அடுத்து வந்த பஞ்சத்தில் பலரைக் காப்பாற்றியது.

கி.மு. 110இல் ஹான் பேரரசு இங்கிருந்த மின்யுவே அரசை வென்றது. ஆனாலும் ஃபுஜியானின் பொற்காலம் வர மேலும் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1087இல் சுவான்ஜோ துறைமுகத்தில் சோங் அரசு கடல்வணிக அலுவலகம் திறந்தது. அரபு வணிகர்கள் ‘ஸைத்தூன்’ என்றழைத்த ஊர் இதுதான். குளிர்கால வாடையில் கப்பல்கள் தெற்கே இறங்கும், கோடையின் தென்மேற்குக் காற்றில் திரும்பும். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் இந்தத் துறைமுகத்தை வியந்து எழுதியிருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே, கடல் ஏற்றம் புகும் முகத்துவாரத்தில் 1053 முதல் 1059 வரை கட்டிய லோயாங் பாலத்தை அவசியம் சொல்லவேண்டும். ஆற்றடியில் கற்களைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் படகு மூக்கு வடிவில் தூண்களை எழுப்பினார்கள். கற்பாளங்களைத் தெப்பத்தில் ஏற்றி, நீர் ஏறும்போது தூண்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். நீர் வடியும்போது பாளம் தானாகத் தூண்மேல் உட்கார்ந்தது. பிறகு அடித்தளத்தில் சிப்பிகளை வளர்த்தார்கள். ஓடுகள் ஒட்டி ஒட்டிப் பெருகிக் கற்களைக் காரை போலப் பிணைத்தன. பாலம் பலமுறை பழுது பார்க்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

தமிழ் வணிகர்களும் சுவான்ஜோவில் வாழ்ந்தார்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியை 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது; அதன் கடைசி வரி சீனம். கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் ஊரெங்கும் சிதறின. 686இல் தோன்றிய கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்கள் இரண்டில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள்.

14ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுக் கலகமும், பின்வந்த மிங் அரசின் கடல்தடையும் துறைமுகத்தை முடக்கின. மக்கள் கடலை விடவில்லை. பிலிப்பைன்ஸ், ஜாவா, மலாயா, சிங்கப்பூர் என்று குடிபெயர்ந்தார்கள். தைவானில் பெரும்பான்மையோரின் முன்னோர் தெற்கு ஃபுஜியானிலிருந்து போனவர்களே. 1842 நான்கிங் உடன்படிக்கை ஃபுஜோவையும் சியாமெனையும் அந்நிய வணிகத்துக்குத் திறந்தது. சிங்கப்பூரில் ரப்பரில் பொருளீட்டிய டான் கா கீ, 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். குடிபெயர்ந்தவர்களிடமிருந்து பணமும் கடிதமும் ஒரே உறையில் வீடு வந்த அக்காலத் தபால்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவேட்டில் சேர்த்தது.

சியாமென் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. வெளிநாட்டு உறவினர்களின் முதலீடு பெருகியது. ஜின்ஜியாங் விளையாட்டுக் காலணிக்கும், டெஹுவா வெண்பீங்கானுக்கும், நிங்டே மின்கலத்துக்கும் பெயர்பெற்றவை. தேயிலையோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. வூயி பாறை இடுக்குகளில் பறித்த இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டில் குலுக்குவார்கள். ஓரம் நசுங்கிச் சிவக்கும், நடு பச்சையாகவே இருக்கும். அந்தப் பதத்தில் வாணலியில் வதக்கி, உருட்டி, கரித்தணலில் வாட்டினால் ஊலோங். தெற்கு ஃபுஜியான் பேச்சில் தேயிலையின் பெயர் ‘தே’. டச்சு வணிகர்கள் மேற்கே கொண்டுபோன அச்சொல்லின் உறவுதான் நம் தேயிலையும் தேநீரும்.

தென்மேற்கு மலைகளில் ஹக்கா மக்களும் பிறரும் மண்ணை இடித்து எழுப்பிய வட்டக் கோட்டைவீடுகளில் ஒரு குலமே சேர்ந்து வாழ்ந்தது. 46 மண்வீடுகள் 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. கரையோரத்தில் மாலுமிகளின் காவல் தெய்வம் மாஜு. மெய்ஜோ தீவில் 960இல் பிறந்த லின் மோ என்ற பெண்ணே மாஜு ஆனாள் என்பது நம்பிக்கை. புறப்படும் படகு அவளை வணங்காமல் போகாது. சுவான்ஜோ அருகே செதியான் சிற்றூரின் சிறு கோயிலில், காலடியில் அசுரனை மிதித்தபடி நான்கு கைகளோடு ஒரு கற்சிலை உட்கார்ந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அதை இந்து தெய்வம் என்கிறார்கள். ஊரார் அவளைப் பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யின் என்றே அழைத்து, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.