கதவைத் திறந்த சதுர அடைப்பு

கம்ப்யூட்டர் கீபோர்டைக் கொஞ்சம் பாருங்கள். என்டர் பட்டனுக்கு இடது பக்கத்தில், மேலே தொங்கும் கமா மாதிரி ஒரு குறி இருக்கும். அதை இரண்டு தடவை தட்டி, ஒரு சொல்லை எழுதி, மறுபடி இரண்டு தடவை தட்டினால் விக்கிபீடியாவில் அந்தச் சொல் சாய்வெழுத்தாகிவிடும். மூன்று தடவை தட்டினால் தடித்த எழுத்து. ஐந்து தடவை என்றால் இரண்டும்!

'இதெல்லாம் ஒரு சரித்திரமா?' என்று கேட்கிறீர்களா? சரித்திரம்தான். யார் எழுதலாம், யார் வெறுமனே வேடிக்கை பார்க்கலாம் என்று தீர்மானித்ததில் இந்தச் சில்லறைக் குறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் அச்சகத்துக்குள் எட்டிப் பார்ப்போம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக்கோர்த்த காலம். கையெழுத்துப் பிரதி கம்பாசிடரிடம் போகுமுன் ஒருவர் பேனாவும் கையுமாக உட்கார்ந்து அடையாளம் போடுவார். மேல்நாட்டு அச்சகங்களில் சொல்லுக்கு அடியில் ஒற்றைக் கோடு போட்டால் சாய்வெழுத்து, நெளிகோடு போட்டால் தடித்த எழுத்து. இந்த வேலைக்குத்தான் 'மார்க்-அப்' என்று பெயர். அது தெரிந்தவர்களின் தொழில் ரகசியம். எழுதுகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

கம்ப்யூட்டர் வந்தது. அடையாளம் போடும் வேலை பேனாவிலிருந்து கீபோர்டுக்கு மாறியது. 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் பிரவுசரில் படிக்கவும் முடியும், அதே ஜன்னலில் எழுதவும் முடியும். ஆனால், 1993-ல் வந்து உலகைக் கலக்கிய மொசைக் பிரவுசரில் படிக்க மட்டும்தான் வழி! எழுத வேண்டும் என்றால் எச்.டி.எம்.எல். கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லைத் தடிக்க வைக்க, முன்னால் ஓர் அம்புக்குறி அடைப்பு, பின்னால் சாய்கோட்டுடன் இன்னொன்று. ஒன்றை மூட மறந்தால் போச்சு, கீழே இருக்கும் அத்தனையும் தடித்துவிடும். மறுபடியும் தொழில் ரகசியம்!

இந்த இடத்தில் வருகிறார் வார்ட் கன்னிங்ஹாம். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்து புரோகிராமர். தன்னைப் போன்றவர்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள, யாரும் திருத்தக்கூடிய ஒரு வலைத்தளத்தை 1995 மார்ச் 25-ம் தேதி தொடங்கினார். பெயர் வைப்பதில் ஒரு சுவாரஸ்யம். ஹொனலூலு விமான நிலையத்தில் முன்பு ஓர் ஊழியர் அவரிடம், "விக்கி விக்கி பஸ்ஸில் ஏறிப் போங்கள்" என்று சொல்லியிருந்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் சீக்கிரம். அதையே எடுத்துக்கொண்டார்!

சீக்கிரம் எழுத வேண்டுமென்றால் அம்புக்குறி அடைப்புகள் ஆகாது. எனவே மேற்கோள் குறியை இரட்டித்து, மூன்றாக்கி விஷயத்தை முடித்துவிட்டார். இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு தரவும் ஒரு தந்திரம்: இரண்டு ஆங்கிலச் சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி, ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகப் போட்டால் போதும். நடுவில் திமில் தூக்கிக்கொண்டு நிற்பதால் இதற்கு ஒட்டக எழுத்து என்று பெயர். அப்படி ஒரு பக்கம் இன்னும் இல்லையா? சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி வரும். அதைக் கிளிக் செய்தால் வெற்றுப் பக்கம் திறக்கும். 'தெரிந்தால் நீ எழுதேன்' என்று அர்த்தம்!

அடுத்த கட்டம், கலைக்களஞ்சியம். ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000-ல் நுபீடியா என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். நிபுணர்கள் எழுதி, ஏழு கட்டப் பரிசோதனை தாண்டி வெளிவர வேண்டும். தேர் நகரவே இல்லை. பக்கத்தில் ஒரு விக்கியை வைத்துப் பார்க்கலாமே என்று 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியதுதான் விக்கிபீடியா.

அங்கே ஒட்டகம் முரண்டு பிடித்தது. கலைக்களஞ்சியத்தில் ஒற்றைச் சொல் தலைப்புகள் ஏராளம். ஒரே சொல்லுக்குத் திமில் எங்கிருந்து வரும்? சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒரு பெரிய எழுத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த மென்பொருளை எழுதிய கிளிஃபர்ட் ஆடம்ஸ் அதே 2001-ல் வேறு வழி கொடுத்தார். சொல்லின் இருபுறமும் இரட்டைச் சதுர அடைப்பு. [[யானை]] என்று எழுதினால் யானை பக்கத்துக்கு இணைப்பு. அவ்வளவுதான்!

நமக்கு இதில் என்ன வந்தது? கொஞ்சம் யோசியுங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? இந்திக்கும் அரபிக்கும் ஜப்பானியத்துக்கும் கிடையாது. ஒட்டகம் மட்டுமே வாகனம் என்றிருந்தால் இந்த மொழிகளெல்லாம் வாசலிலேயே நின்றிருக்கும். சதுர அடைப்பு எந்த எழுத்தையும் உள்ளே விடும்.

2003 செப்டம்பரில் தமிழ் விக்கிபீடியா பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தார் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வருடக்கணக்கில் எழுதிக் குவித்த அவருக்கு, 2015-ம் ஆண்டுக்கான இயல் விருது கிடைத்தது.

தமிழுக்கென்று ஒரு தனித் தொல்லை இருந்ததும் உண்மை. ஆங்கிலத்தில் சொல்லோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் பன்மை. நம் 'மரம்' வேற்றுமை உருபு ஏறியதும் 'மரத்தில்' ஆகிவிடுகிறது. அதற்கும் வழி உண்டு. [[மரம்|மரத்தில்]] என்று நடுவில் ஒரு நெட்டைக் கோடு. இணைப்பு மரத்துக்குப் போகும், வாசகர் கண்ணில் மரத்தில் என்றே படும்.

கதை சுபமாக முடிந்ததா? இல்லை. வார்ப்புருக்கள், அட்டவணைகள், மேற்கோள்கள் என்று நெளி அடைப்புகள் புதர் மாதிரி மண்டின. ஒரு தேதியைத் திருத்த வந்தவர் அந்தக் காட்டைப் பார்த்து மிரண்டு திரும்பினார். ஆங்கில விக்கிபீடியாவில் 2007-க்குப் பின் சுறுசுறுப்பான பங்களிப்பாளர்கள் குறையத் தொடங்கினார்கள். காரணங்கள் பல. இந்தப் புதரும் ஒன்று என்று அவர்களே கவலைப்பட்டார்கள். 2013 ஜூலையில், குறிகளே தெரியாமல் எழுதும் புதிய வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பழைய கைகள் கொதித்தன. மெதுவாக இருக்கிறது, பக்கத்தைக் குலைக்கிறது என்று ஒரே ரகளை! செப்டம்பரிலேயே ஆங்கிலத்தில் அது 'வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்' என்ற நிலைக்கு இறங்கியது.

பழைய கைகளின் கோபம் புரிகிறது. ஆனால், சீக்கிரம் எழுதப் பிறந்த குறிகளே புதிதாக வருகிறவரை மிரட்டும் தொழில் ரகசியமாகிவிட்டால், அச்சகத்து நெளிகோட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வாட்ஸ்அப்பில் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டுச் சொல்லைத் தடிக்க வைக்கிறோமே, அதுவும் இதே வம்சம்தான். அதைச் செய்யத் தெரிந்த உங்களுக்கு இரண்டு சதுர அடைப்பு ஒரு சுமையே இல்லை. தமிழ் விக்கிபீடியாவில் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, சிவப்பில் தெரியும் ஒரு சொல்லைத் தேடுங்கள். அந்தப் பக்கத்தை இதுவரை யாரும் எழுதவில்லை என்று அர்த்தம்.