கணவாயின் தலை: பாராமகால் மலைவழிகளும் சோஜிலாவும் (1767–1948)

ஆய்வுச் சுருக்கம்

மைசூர்ப் பீடபூமிக்கும் தமிழகச் சமவெளிக்கும் இடையே அமைந்த பாராமகால் பகுதியின் கணவாய்கள், பெரும்பாலும் ஆங்கில–மைசூர்ப் போர்களின் களங்களாகவே வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. ஒரு கணவாயைப் படை ஒருமுறை கடப்பதற்கும், அதனை இடையறாது கடக்கத்தக்க வழியாகப் பேணுவதற்கும் உள்ள வேறுபாட்டை முன்வைத்து இக்கட்டுரை அவற்றை மறுவாசிப்புச் செய்கிறது. உணவுப்பொதிகளின் போக்குவரத்து, வழியமைப்புப் படையின் தோற்றம், 1799ஆம் ஆண்டின் எல்லை வகுப்பு ஆகியவற்றை ஆராய்ந்து, அதே வழியமைப்பு மரபு 1948இல் இமயமலையின் சோஜிலாக் கணவாயில் தொடர்ந்ததையும், வேப்பனப்பள்ளி வழி பெருவழியாக வளராமல் நின்றதையும் ஒப்பிட்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாராமகால், கணவாய், வேப்பனப்பள்ளி, ராயக்கோட்டை, மதராஸ் பயனியர் படை, சோஜிலா

1. முன்னுரை

உயர்மலைக் கணவாய்ச் சாலை என்றவுடன் இமயமலையே நினைவுக்கு வருகிறது. உயரத்தாலும் பனியாலும் இமயக் கணவாய்களோடு தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள கணவாய்களை ஒப்பிட இயலாது. கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும், ஒசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. எனினும், மலைவழி ஒன்று எவ்வாறு சாலையாகிறது, அதனைப் பேணுவோர் யாவர், அது யாருடைய எல்லையை வரைகிறது என்னும் வினாக்கள் இரண்டு இடங்களுக்கும் பொதுவானவை. இவ்வினாக்களுக்குப் பாராமகாலின் வரலாறு தெளிவான விடைகளைத் தருகிறது. இரு நிலப்பகுதிகளையும் இணைக்கும் நேரடியான வரலாற்றுக் கண்ணி ஒன்றும் உண்டு. அது மதராஸ் பயனியர் படை எனத் தொடங்கிய வழியமைப்புப் படையாகும்.

2. இரு படிகளுக்கு இடையிலான நிலம்

மலைத்தொடரின் ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்குவதே கணவாய் என்பது பொதுவான புரிதல். பாராமகாலின் மேற்கு, வடக்குக் கணவாய்கள் இத்தன்மையன அல்ல. அவற்றில் ஏறியவர் மறுபுறம் இறங்குவதில்லை. மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் நிற்கிறார். எனவே இவற்றைப் படிகள் என்பதே பொருந்தும். கீழ்ப்படி தமிழகச் சமவெளியிலிருந்து பாராமகாலுக்கு ஏறுவது. செங்கம் கணவாயும் தொப்பூர்க் கணவாயும் இதற்குரியவை. மேற்படி பாராமகாலிலிருந்து பீடபூமிக்கு ஏறுவது. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஒசூர் செல்லும் பாதை இவற்றுள் முதன்மையானது. வடக்கே, பாராமகாலைத் தொடாமலேயே பீடபூமிக்கு ஏறும் மொகிலிக் கணவாய் சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையே உள்ளது.

இந்நில அமைப்பு ஆட்சிப் பெயர்களிலும் பதிந்தது. பழைய சேலம் மாவட்டம் தலகாட், பாராமகால், பாலாகாட் என மூன்றாகப் பகுக்கப்பட்டிருந்தது. கணவாய்க்குக் கீழ், கணவாய்க்கு மேல் என்பதே முதல், இறுதிப் பெயர்களின் பொருள். ஒசூர்ப் பகுதி பாலாகாட்டைச் சேர்ந்தது. பாராமகால் என்னும் பெயர் பன்னிரண்டு கோட்டைகளைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. அப்பன்னிரண்டின் பட்டியல்கள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆயினும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள குன்றுகளில் கோட்டைகள் நெருங்கி அமைந்திருப்பது, இரு படிகளுக்கு இடைப்பட்ட இந்நிலத்தின் காவல் முதன்மையைக் காட்டும்.

போருக்கு முன்பே இங்கு வணிகம் நடந்துள்ளது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த காதக்கற்கள் ‘அதியமான் பெருவழி’ என்று பாதையின் பெயரைச் சுட்டி, நாவற்தாவளம் என்னும் ஊருக்குள்ள தொலைவை 27, 29 காதம் எனக் குறிக்கின்றன. எண்ணோடு குழிகளும் வெட்டப்பட்டிருப்பது, எழுத்தறியாத பொதிமாட்டு வணிகரும் தொலைவை அறிய வழிசெய்தது. தாவளம் என்பது வணிகர் தங்குமிடத்தைக் குறிக்கும். பயணத் தொலைவும் தங்குமிடமும் சேர்ந்தே பெருவழியாக எண்ணப்பட்டன என்பது இதனால் புலனாகிறது.

3. இறங்கிய படையும் உருவான பயனியர் படையும்

வேப்பனப்பள்ளிக்கு வடக்கே, இன்றைய கோலார் மாவட்டத்திலுள்ள பூதிகோட்டையில் பிறந்தவர் ஐதர் அலி. மேற்படியின் நிலவியல் அவருக்கு நன்கு தெரிந்த ஒன்று. 1767இல் அவரது படை பாராமகாலுக்கு இறங்கிக் காவேரிப்பட்டினத்தைக் கைப்பற்றியது. செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் நடந்த போரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படை களத்தைத் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் அதன் உணவுப்பொதிகளை மைசூர்க் குதிரைப்படை கவர்ந்துவிட்டது. வென்ற படை அரிசி தேடித் திருவண்ணாமலைக்குப் பின்வாங்க நேர்ந்தது. கணவாய்ப் போரின் முடிவைப் பொதிமாடுகள் தீர்மானித்தமைக்கு இது முதற்சான்று.

1780 ஜூலையில் ஐதர் மீண்டும் செங்கம் கணவாய் வழியே பெரும்படையுடன் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று பொல்லிலூரில் பெய்லியின் படை முற்றிலும் அழிந்தது. இருபது நாள் கழித்து, 1780 செப்டம்பர் 30 அன்று, சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகள் உருவாக்கப்பட்டன. அவற்றை உருவாக்கியவர் லெப்டினன்ட் ஜோசப் மூர்ஹவுஸ். மண்வெட்டி, கடப்பாரை, கோடரி ஆகியவற்றை ஏந்தி, படைக்கு முன்சென்று பாதை வெட்டுவதும் பீரங்கி செல்லுமாறு வழியைச் சீராக்குவதும் இவர்களின் பணி. முன்னரும் ஆங்கிலேயப் படைகள் பாதை வெட்டக் கூலியாட்களை அமர்த்தியதுண்டு. இப்போது அப்பணி நிலையான படைப்பிரிவின் பணியாயிற்று.

4. 1791: ஏறிய வழியும் திறந்த வழியும்

மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸ் 1791 பிப்ரவரியில் ஆம்பூர்ப் பக்கமாகச் செல்வதுபோல் போக்குக் காட்டி, மொகிலிக் கணவாய் வழியே பீடபூமிக்கு ஏறினார். திப்பு பாராமகால் கணவாய்களை எதிர்நோக்கியிருந்தமையால் மொகிலியில் எதிர்ப்பு இல்லை. முற்றுகைப் பீரங்கிகளை மேலே ஏற்ற எருதுகளோடு யானைகளும் பயன்பட்டன. மார்ச் 21 அன்று பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. அதற்கு முன் மார்ச் 7 அன்று நடந்த பேட்டைத் தாக்குதலில் மூர்ஹவுஸ் கொல்லப்பட்டார்.

கணவாயைக் கடந்தது போரை முடிக்கப் போதவில்லை. ஸ்ரீரங்கப்பட்டினத்தை அணுகி மே 15 அன்று அரகெரேயில் வென்ற பின்னரும், தீவனமின்றி எருதுகள் மடிந்தமையாலும் உணவு தீர்ந்தமையாலும் கார்ன்வாலிஸ் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். பீடபூமியில் இருந்த படைக்கும் கீழேயிருந்த அரிசிக்கும் இடையே நிலையான வழி இல்லாமையே இத்தோல்வியின் காரணம்.

அடுத்து அவர் மேற்கொண்ட நடவடிக்கை இதனை உறுதிசெய்கிறது. ஜூலையில் ஒசூர் கைப்பற்றப்பட்டது. தொடர்ந்து மேஜர் கௌடி ராயக்கோட்டையைப் பிடித்தார். இதனால் பாலக்கோடு–ராயக்கோட்டை வழி திறந்தது; கர்நாடகச் சமவெளியிலிருந்து பொதிகள் மேலேறத் தொடங்கின. நவம்பரில் கிருஷ்ணகிரி மேற்கோட்டை மீதான மேக்ஸ்வெலின் தாக்குதல் தோல்வியுற்றது. ஆயினும் வழி மூடப்படவில்லை. ஆயிரக்கணக்கான பொதியெருதுகளுடன் தானியம் கொணர்ந்து விற்ற லம்பாடிகள் படையின் உணவுக்கு அடிப்படையாயினர். 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் முன் மீண்டும் நின்ற படை, முந்தைய ஆண்டு பட்டினியால் திரும்பிய அதே படைதான். இடையில் மாறியது ஒரு கணவாயின் நிலை. படைத்தலைவர்களின் பெயர்களால் நிரம்பிய போர் வரலாற்றில் லம்பாடிகளுக்கும் பயனியர்களுக்கும் பெயரில்லை. வெற்றியின் பொருளியல் அவர்களுடையது.

5. கணவாயின் தலையும் மாநில எல்லையும்

1792 மார்ச் 18 அன்று கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியின் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீட் அதன் கண்காணிப்பாளரானார். தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளருள் ஒருவர். ஆனால் ஒசூர்ப் பகுதி திப்புவிடமே இருந்தது. ஆகவே 1792 முதல் 1799 வரை கம்பெனியின் எல்லை கணவாயின் அடியோடு நின்றது.

1799இல் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டுப் பாராமகாலைக் கடந்து, மார்ச் தொடக்கத்தில் ராயக்கோட்டை அருகே மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. ஜூன் 22 அன்று கையெழுத்தான பிரிவினை உடன்படிக்கையில், பீடபூமியின் விளிம்பில் அமைந்த கணவாய்த் தலைகள் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டன. மேலிருப்பவரே வழியைத் திறக்கவும் மூடவும் வல்லவர் என்பதை முப்பதாண்டுப் போர் கற்பித்திருந்தது. பாலாகாட் இவ்வாறே சேலம் மாவட்டத்தோடு இணைந்தது.

நிலவியலால் மைசூர்ப் பீடபூமியைச் சேர்ந்த ஒசூர் தமிழ்நாட்டிலும், அதே பீடபூமியிலுள்ள கோலார் கர்நாடகத்திலும் அமைந்தமைக்கு இவ்வரலாறே அடிப்படை. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பீடபூமியின் தட்பவெப்பத்தோடு, ஆயினும் தமிழக அரசின் ஆட்சிக்குள் ஒரு தொழில்நகரம் 1970களில் சிப்காட் வழியாக உருவாக முடிந்ததும் இதனால்தான். கணவாயைக் காக்க வரையப்பட்ட எல்லை, பிற்காலத்தில் தொழில் எல்லையாகப் பயன்பட்டது.

6. சோஜிலா: மரபின் தொடர்ச்சி

பாராமகால் போர்க்காலத்தில் உருவான பயனியர்கள் 1831இல் மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றனர். 1830களின் தொடக்கத்தில் நீலகிரியின் குன்னூர் மலைப்பாதை அமைப்பில் பயனியர்களின் உழைப்பு இருந்தது. 1834இல் படையின் தலைமையிடம் பெங்களூருக்கு மாறியது. இன்றும் அங்கேயே உள்ளது. ராயக்கோட்டை வழி ஏறிச் சென்ற பீடபூமி நகரமே வழியமைப்போரின் இருப்பிடமாயிற்று.

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள சோஜிலா, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை லடாக்குடன் இணைக்கிறது. அதன் காஷ்மீர்ப் பக்கம் செங்குத்தானது. லடாக் பக்கத்தில் இறக்கம் மிகக் குறைவு. இவ்வகையில் அதுவும் பாராமகாலின் மேற்படி போன்ற ஒரு படியே. 1948இல் இக்கணவாய் எதிரிப்படையின் கையில் இருந்தபோது, செப்டம்பரில் காலாட்படை மேற்கொண்ட தாக்குதல்கள் வெற்றிபெறவில்லை. அடிவாரத்திலுள்ள பால்தாலிலிருந்து மேலே சென்றது கோவேறு கழுதைகளுக்கான தடமே. மதராஸ் சாப்பர்கள் அத்தடத்தை டாங்கிகள் செல்லுமளவு அகலப்படுத்தினர். நவம்பர் 1 அன்று ஜெனரல் திம்மையாவின் தலைமையில் ஸ்டூவர்ட் டாங்கிகள் சோஜிலாவில் ஏறின. அம்மாதத்திலேயே கார்கில் மீட்கப்பட்டது. 1791இல் பீரங்கியும் எருதும், 1948இல் டாங்கி. பாதை வெட்டிய பின்னரே படை என்னும் வரிசை மாறவில்லை.

இங்கும் ஒருமுறை கடந்ததோடு பணி முடியவில்லை. 1960இல் எல்லைச் சாலைகள் அமைப்பு தோன்றியபின், ஆண்டுதோறும் பனியை அகற்றி இச்சாலையைத் திறப்பது நிலையான பணியாயிற்று.

7. வேப்பனப்பள்ளி: பேணப்படாத வழி

கோலார்ப் பகுதியில் தோன்றும் மார்க்கண்டேய நதி வேப்பனப்பள்ளி வழியே தெற்கு நோக்கிப் பாய்ந்து தென்பெண்ணையில் கலக்கிறது. ஆறு இறங்கும் பள்ளத்தாக்கே பீடபூமிக்கு ஏறும் இயல்பான வழி. கிருஷ்ணகிரியிலிருந்து பூதிகோட்டைப் பக்கம் செல்வோருக்கு இதுவே குறுக்குப்பாதை. ஆயினும் இது பெருவழியாகவில்லை. 1864இல் பெங்களூரை அடைந்த இருப்புப்பாதை ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் வழியே, வேப்பனப்பள்ளிக்குக் கிழக்காக ஏறியது. 1913இல் ஒசூரை எட்டிய குறுகிய இருப்புப்பாதை ராயக்கோட்டை வழியைப் பின்பற்றியது. அது 1941இல் கைவிடப்பட்டது. இன்றைய தேசிய நெடுஞ்சாலை சூளகிரி வழியே மேற்காக ஏறுகிறது. இவற்றுக்கு நடுவே வேப்பனப்பள்ளி எல்லையூராக நின்றது.

1792இல் மேற்படியின் அடியில் நின்ற எல்லை, ஒசூர்ப் பக்கத்தில் 1799இல் மேலேறியது. வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் பெரும்பாலும் அடியிலேயே தங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் தலை மைசூரிடம் இருந்தது. இதன் விளைவு இன்று நீரில் தெரிகிறது. கோலார் மாவட்டத்தின் யார்கோலில் மார்க்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு தொடுத்த இடைக்கால மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கணவாயின் தலையை வைத்திருப்பவர் அன்று அரிசிப்பொதியைத் தடுக்க முடிந்தது. இன்று ஆற்றைத் தேக்க முடிகிறது. சென்னை மாகாணத்தில் 1844இல் உள்நாட்டுப் போக்குவரத்துச் சுங்கமும், 2017இல் சரக்கு சேவை வரியின் வருகையால் வணிகவரிச் சோதனைச்சாவடிகளும் நீங்கின. சரக்குக்கு எல்லை தளர்ந்தது, நீருக்கு இறுகியது.

8. முடிவுரை

பாராமகால் கணவாய்களின் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, கணவாயின் பயன் அதனைக் கடப்பதில் முடிவதில்லை. 1767, 1791 நிகழ்வுகள் காட்டுவதுபோல், உணவும் தீவனமும் தொடர்ந்து செல்லும் வழியே கணவாயைச் சாலையாக்குகிறது. இரண்டாவது, அவ்வழியைப் பேணும் உழைப்பு 1780இல் படைப்பிரிவாக நிலைபெற்று, நீலகிரி வழியாக இமயம் வரை சென்றது. மூன்றாவது, கணவாயின் தலை யாருக்கு என்னும் 1799ஆம் ஆண்டின் முடிவு, ஒசூரின் தொழில்வளத்திலும் வேப்பனப்பள்ளியின் நீர்ச்சிக்கலிலும் இன்றும் செயற்படுகிறது. எல்லைப்பகுதி வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளோடு இவ்வழிகளையும், தலைவர்களோடு வழியமைத்தோரையும் பொதிசுமந்தோரையும் சேர்த்து ஆராய்வது இன்றியமையாதது.