சண்டை மீனின் சரித்திரம்

நாக்பூர் குவார்ட்டர்ஸில் நாய் வளர்க்க வழியில்லை. மகளுக்காக ஒரு ஜோடி பெட்டா மீன் வாங்கினேன். ஆண் மீன் நுரைக்கூடு கட்டி, கீழே விழுந்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மேலே ஒட்டியது. பெண் மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்றினோம். விட்டால் ஆண் மீன் கடித்துவிடும்.

இதன் சொந்த ஊர் சயாம், இன்றைய தாய்லாந்து. அங்கே பெயர் 'ப்ளா கட்'. கடிக்கும் மீன் என்று அர்த்தம். காசு கட்டிச் சண்டை விடுவார்கள். மன்னர் மூன்றாம் ராமா கொடுத்த மீன்கள் கை மாறி டாக்டர் தியோடர் கேன்டரிடம் வந்தன. அவர் 1849-ல் அவற்றைப் பற்றி எழுதினார். 'பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்' என்று 1910-ல் பெயர் வைத்தவர் ரீகன். 2019-ல் தாய்லாந்து இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. மனிதன் இதை வளர்க்கத் தொடங்கி 400 வருடமாவது இருக்கும் என்கிறது 2022-ல் வந்த மரபணு ஆய்வு.

குஞ்சுகள் வளர்ந்ததும் ஆண்களெல்லாம் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். "அண்ணன் தம்பிதானே, ஏம்ப்பா சேர்ந்து இருக்க மாட்டாங்க?" என்றாள் மகள்.

கோபம் அதன் பிறவிக்குணம்தான். ஆனால் ஜெயித்த மீனின் வாரிசுகளையே தேடித் தேடி வளர்த்து அதைக் கூட்டியது நாம். முட்டை பொறுக்கிய அந்தப் பொறுமையை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.